இருவருக்கும் சம்பளம், பிடித்தம் மட்டும் பற்றவில்லை: டபிள்யூ-4 எப்படி நிரப்புவது?

2026 பிப்ரவரி 7 · எடிசன்காரர்

2025 கணக்கை சாஃப்ட்வேரில் போட்டால் அமெரிக்க ஃபெடரல் வரி மட்டும் 12,052 டாலர் பாக்கி காட்டுது. டபிள்யூ-2 (ஆபீஸ் தர்ற ஆண்டுச் சம்பளச் சான்று) பாக்ஸ் 1இல் எனக்கு 1,20,000, மனைவிக்கு 90,000. வேறு வருமானம் இல்லை, குழந்தை இல்லை. மனைவி எச்-4 ஈஏடியில் (துணைவர் விசாவுக்கான வேலை அனுமதி) 2025 ஜனவரியில்தான் வேலைக்குச் சேர்ந்தாங்க. ரெண்டு பேரும் டபிள்யூ-4இல் (எவ்வளவு வரி பிடிக்கணும்னு ஆபீஸுக்குக் கொடுக்கிற படிவம்) 'மேரீட் ஃபைலிங் ஜாயின்ட்லி', அதாவது கணவன் மனைவி கூட்டு ரிட்டர்ன்னு டிக் பண்ணி கையெழுத்துப் போட்டதோட சரி. அதுக்கு முந்தைய வருஷம் 2024 ரிட்டர்ன்ல ஏஜிஐ (சரிக்கட்டிய மொத்த வருமானம்) 1,15,000, மொத்த வரி 9,832. பேரோல் தப்பா பிடிச்சிருக்காங்களா? இதுக்கு மேல அபராதமும் உண்டா?

2026 பிப்ரவரி 7 · வரிக்கணக்கர்

பேரோல் சரியாகத்தான் பிடித்திருக்கிறது. நீங்கள் கொடுத்த தாளில் அப்படித்தான் சொல்லியிருக்கிறது.

'மேரீட் ஃபைலிங் ஜாயின்ட்லி' டிக் செய்து ஸ்டெப் 2ஐ (இரண்டு வேலை உள்ள வீடுகளுக்கான பகுதி) விட்டுவிட்டால் உங்கள் ஆபீஸ் எடுத்துக்கொள்ளும் பொருள் இதுதான்: இந்த வீட்டுக்கு வருமானம் இது ஒன்றுதான். ஆகவே வரி போடாமல் விடும் தொகையான முழு ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷனையும் உங்கள் ஒருவர் சம்பளத்திலிருந்து கழிக்கும். மிச்சத்தை 10%, 12% பிராக்கெட்டுகளில் (வரி அடுக்குகளில்) முழு அகலத்துக்கும் நிரப்பும். உங்கள் மனைவியின் ஆபீஸும் அதையேதான் செய்யும். ஆக ஒரு டிடக்‌ஷன் இரண்டு முறை போகிறது, கீழ் பிராக்கெட்டுகளும் இரண்டு முறை போகின்றன. ஏப்ரலில் ரிட்டர்ன் போடும்போது எல்லாமே ஒரு முறைதான்.

இந்தியாவில் கணவன் மனைவிக்குத் தனித்தனி ரிட்டர்ன் என்பதால் அவரவர் டிடிஎஸ் அவரவர் கணக்கில் தீர்ந்துவிடும். ஜாயின்ட் ரிட்டர்னில் அது நடக்காது.

2026 எண்களை வைத்துப் பாருங்கள். ஜாயின்ட் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் 32,200. அதற்கு மேல் முதல் 24,800க்கு 10%, 1,00,800 வரை 12%, 2,11,400 வரை 22%, 4,03,550 வரை 24%.

உங்கள் ஆபீஸ்: 1,20,000 − 32,200 = 87,800. வரி 10,040.
மனைவியின் ஆபீஸ்: 90,000 − 32,200 = 57,800. வரி 6,440.
இரண்டும் சேர்ந்து பிடிப்பது 16,480.

உண்மையான வரி: 2,10,000 − 32,200 = 1,77,800. இதற்கு 28,540.

குறைவு 12,060. இப்படியே விட்டால் அடுத்த ஏப்ரலிலும் இதே தொகைதான் வரும்.

அபராதம் பற்றித் தனியாக எழுதுகிறேன். உங்களுக்கு நல்ல செய்தி.

2026 பிப்ரவரி 7 · வரிக்கணக்கர்

அபராதம். கீழே உள்ளவற்றில் ஏதாவது ஒன்று பொருந்தினாலும் அண்டர்பேமென்ட் பெனால்ட்டி கிடையாது:

பாக்கி 1,000 டாலருக்குக் குறைவு. அல்லது இந்த ஆண்டு வரியில் 90% பிடித்திருக்கிறார்கள். அல்லது போன ஆண்டு மொத்த வரியில் 100% பிடித்திருக்கிறார்கள். போன ஆண்டு ஏஜிஐ 1,50,000ஐத் தாண்டியிருந்தால் அந்த 100% என்பது 110% ஆகிவிடும்.

2025க்கு உங்கள் இருவரிடமும் சேர்த்துப் பிடித்தது சுமார் 17,046 இருக்க வேண்டும். 2024 மொத்த வரி 9,832, ஏஜிஐ 1,50,000க்குக் கீழே. 17,046 அதைவிட அதிகம். அபராதம் பூஜ்யம். ஏப்ரல் 15க்குள் 12,052ஐக் கட்டிவிட்டால் வட்டியும் இல்லை.

இந்தக் காப்பு முதல் வருஷத்துக்குத்தான் என்பதை மறக்காதீர்கள். 2025 ஏஜிஐ 2,10,000 ஆகிவிட்டது. 2026க்கு 110% கணக்கில் 32,008 வேண்டும். 90% கணக்கில் 25,686 போதும். 16,480 இரண்டையும் தொடாது. 2025 முழுவதும் ஐஆர்எஸ் (ஃபெடரல் வரித்துறை) இதற்கு வைத்திருந்த வட்டி விகிதம் 7%. சின்ன விஷயம் இல்லை.

2026 பிப்ரவரி 8 · எடிசன்காரர்

நன்றி சார். சாஃப்ட்வேர்லயும் பெனால்ட்டி 0ன்னுதான் இருக்கு. இப்ப டபிள்யூ-4ல எதை மாத்தணும்? ஸ்டெப் 2ல (ஏ), (பி), (சி)ன்னு மூணு இருக்கு. மூணையும் செய்யணுமா?

2026 பிப்ரவரி 8 · வரிக்கணக்கர்

மூன்றில் ஒன்று மட்டும். இரண்டைச் சேர்த்துச் செய்தால் இரட்டைப் பிடித்தம்.

(சி) என்பது ஒரு சின்னக் கட்டம். வீட்டில் மொத்தம் இரண்டே வேலை என்றால் அதை டிக் செய்யலாம். டிக் செய்ததும் அந்த ஆபீஸ் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷனைப் பாதியாக்கி 16,100 மட்டும் கழிக்கும். பிராக்கெட்டுகளையும் பாதியாக்கும்: 12,400 வரை 10%, 50,400 வரை 12%, 1,05,700 வரை 22%, 2,01,775 வரை 24%.

உங்கள் கணக்கில்: 1,20,000க்கு 17,570. 90,000க்கு 10,970. கூட்டினால் 28,540. மேலே சொன்ன உண்மையான வரி எதுவோ அதே எண், டாலர் பிசகாமல். இருவரின் மிச்ச வருமானமும் ஒரே 22% அடுக்கில் முடிவதால் இப்படிப் பொருந்துகிறது.

டிக் இரண்டு டபிள்யூ-4இலும் இருக்க வேண்டும். மிக அதிகமாக நடக்கிற தவறு இதில்தான்: ஒருவர் மட்டும் டிக் செய்வார், மற்றவர் "நீதான் போட்டுட்டியே" என்று விட்டுவிடுவார். நீங்கள் மட்டும் டிக் செய்தால் 17,570 + 6,440 = 24,010. இன்னும் 4,530 குறையும்.

பே செக்கில் எப்படிச் சரிபார்ப்பது: இரண்டு வாரத்துக்கு ஒரு முறை சம்பளம், ஆண்டுக்கு 26 என்று வைத்தால் உங்கள் ஃபெடரல் வரி 386.15இலிருந்து 675.77க்குப் போக வேண்டும். மனைவிக்கு 247.69இலிருந்து 421.92. இந்த எண்கள் பே ஸ்டப்பில் வரவில்லை என்றால் மாற்றம் ஏறவில்லை. புதிய டபிள்யூ-4 கொடுத்த 30ஆவது நாள் அன்றோ அதன் பிறகோ முடிகிற முதல் சம்பளக் காலத்தின் தொடக்கம் வரை ஆபீஸுக்குச் சட்டப்படி அவகாசம் உண்டு. போர்ட்டலில் நீங்களே மாற்றினால் பெரும்பாலும் அடுத்த சம்பளத்திலேயே வந்துவிடும்.

2026 பிப்ரவரி 8 · மில்பீட்டஸ்வாசி

இவ்வளவு சுற்று எதற்கு? இருவரும் டபிள்யூ-4இல் 'சிங்கிள்' போட்டுவிட்டால் முடிந்தது. பத்து வருஷமாக எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

2026 பிப்ரவரி 9 · வரிக்கணக்கர்

எண் ஒன்றுதான் வரும், அது உண்மை. சிங்கிள் பிராக்கெட்டுகள் ஜாயின்ட்டில் சரியாகப் பாதி. வேறுபாடு 35% அடுக்கில்தான் வருகிறது: சிங்கிளில் அது 6,40,600 வரை நீளும், ஜாயின்ட்டில் பாதி 3,84,350இலேயே முடியும். அவ்வளவு சம்பளம் இருந்தால் 'சிங்கிள்' குறைவாகப் பிடிக்கும்.

2019 வரை இருந்த பழைய படிவத்தில் 'மேரீட், பட் வித்ஹோல்ட் அட் ஹையர் சிங்கிள் ரேட்' என்று ஒரு கட்டமே இருந்தது. 2020இல் படிவத்தைத் திருத்தி எழுதியபோது அதை எடுத்துவிட்டு ஸ்டெப் 2(சி)யை வைத்தார்கள். பொய்ச் சாட்சிக்கான தண்டனைக்கு உட்பட்டுக் கையெழுத்திடும் படிவம் அது. அதே எண்ணைத் தருவதற்கென்றே ஒரு கட்டம் இருக்கும்போது 'சிங்கிள்' என்று எழுதத் தேவையே இல்லை.

இதோடு சேர்ந்த விஷயம்: 2020க்கு முன் சேர்ந்து, அதே ஆபீஸில் இருப்பவர்களுக்குப் பழைய 'அலவன்ஸ்' படிவமே இன்னும் செல்லும். புதிதாகக் கேட்க மாட்டார்கள். ஒரு அலவன்ஸுக்கு 4,300 டாலர் வீதம் சம்பளத்திலிருந்து கழித்துக் கணக்கிடுவார்கள். 2015இல் 'மேரீட், 3' என்று போட்டவர்களின் மனைவி இப்போது வேலைக்குப் போனால் அந்த 3 அப்படியே நின்று பிடித்தத்தைத் தின்னும். அவர்கள் கட்டாயம் புதுப் படிவம் கொடுங்கள்.

2026 பிப்ரவரி 10 · சார்லட்_இணையர்

எங்களுக்கு 2,00,000 + 40,000. நீங்கள் சொன்ன (சி) கட்டத்தைப் போட்டால் சரியாக வருமா?

2026 பிப்ரவரி 10 · வரிக்கணக்கர்

வராது. உங்களுக்கு அந்தக் கட்டம் வேண்டாம்.

(சி) சரியாக வேலை செய்ய, குறைந்த சம்பளம் அதிகச் சம்பளத்தில் பாதிக்கு மேல் இருக்க வேண்டும். படிவத்திலேயே அந்த வரி இருக்கிறது, யாரும் படிப்பதில்லை. 40,000 என்பது 2,00,000இல் ஐந்தில் ஒரு பங்கு.

கட்டத்தை டிக் செய்தால்: 2,00,000க்கு 36,734. 40,000க்கு 2,620. மொத்தம் 39,354.
உண்மையான வரி: 2,40,000 − 32,200 = 2,07,800. இதற்கு 35,140.
அதிகமாகப் பிடிப்பது 4,214.

காரணம்: 40,000காரரின் பாதி பிராக்கெட்டுகளில் பெரும்பகுதி காலியாகக் கிடக்கும். 2,00,000காரரோ தன் பாதியை நிரப்பி 24% வரை ஏறிவிடுவார். வீடு மொத்தமாகப் பார்த்தால் 22%ஐத் தாண்டவே இல்லை. 4,214 ரீஃபண்டாகத் திரும்பும், ஆனால் வட்டியில்லாமல். அந்தப் பணத்துக்கு உங்கள் வீட்டில் ஆண்டு முழுவதும் வேலை இருந்திருக்கும்.

கட்டத்தை டிக் செய்யாவிட்டால்: 26,340 + 780 = 27,120. குறைவு 8,020.

ஆகவே கட்டத்தை இருவரும் வெறுமையாக விட்டு, அதிகச் சம்பளக்காரரின் டபிள்யூ-4இல் மட்டும் ஸ்டெப் 4(சி), 'எக்ஸ்ட்ரா வித்ஹோல்டிங்', அதில் 8,020 ÷ 26 = 308.46 என்று ஆகிறதை 309 என எழுதுங்கள். மாதம் இரு முறை சம்பளம் என்றால் 24ஆல் வகுங்கள் (335). மாதச் சம்பளம் என்றால் 12 (669). 26க்கும் 24க்கும் குழம்பினால் ஆண்டுக் கடைசியில் 600 டாலருக்கு மேல் இடறும்.

படிவத்தோடு வரும் மல்ட்டிபிள் ஜாப்ஸ் ஒர்க்‌ஷீட், அதாவது ஸ்டெப் 2(பி), இதே வேலையை அட்டவணையில் பார்த்துச் செய்வதுதான். அட்டவணை 10,000 டாலர், அதற்கு மேல் இன்னும் அகலமான படிகளில் போவதால் சற்று முன்பின் இருக்கும். ஐஆர்எஸ் தளத்தில் உள்ள எஸ்டிமேட்டர், ஸ்டெப் 2(ஏ), இதுவரை பிடித்ததையும் எடுத்துக்கொள்வதால் ஆண்டு நடுவில் அதுவே சிறந்தது. இருவரின் கடைசி பே ஸ்டப்பும் கையில் இல்லாமல் அதில் உட்காராதீர்கள்.

இன்னொரு வசதி: 4(சி)யில் ஒரு எண் மட்டும் போவதால் துணைக்கு வேலை இருக்கிறதா, எவ்வளவு வாங்குகிறார் என்பது ஆபீஸுக்குத் தெரியாது. அதை வெளியில் சொல்ல விரும்பாதவர்களுக்கு இதுவே வழி.

2026 பிப்ரவரி 10 · வரிக்கணக்கர்

மேலே விட்டது: 1,20,000, 90,000, 2,00,000 எல்லாம் வரிக்கு உட்பட்ட சம்பளம். ஆஃபர் லெட்டரில் இருக்கும் தொகை அல்ல. 401(கே) எனும் ஓய்வூதியச் சேமிப்புப் பிடித்தம் (2026 உச்சம் 24,500), மருத்துவக் காப்பீட்டு பிரீமியம், எச்எஸ்ஏ (மருத்துவச் சேமிப்புக் கணக்கு) எல்லாம் கழிந்த பின் வருவதுதான் பாக்ஸ் 1. வரி கட்டிய பணத்தைப் போடும் ராத் 401(கே) என்றால் கழியாது. இருவரும் 401(கே)யை உச்சம் வரை போட்டால் மொத்தத்தில் 49,000 குறையும். 22% அடுக்கில் 10,780 டாலர் வரி வித்தியாசம். சம்பளத்தை அப்படியே போட்டுக் கணக்கிட்டு "ரொம்ப அதிகமாகப் பிடிக்குது" என்று கேட்பவர்களில் பலருக்கு விடை இதுதான்.

2026 பிப்ரவரி 12 · புதுவரவு_கொலம்பஸ்

தனித்தனியாக, 'மேரீட் ஃபைலிங் செப்பரேட்லி' என்று ரிட்டர்ன் போட்டால் இந்தப் பிரச்சினையே வராதே? பிடித்ததும் வரியும் அவரவருக்கு.

2026 பிப்ரவரி 12 · வரிக்கணக்கர்

எடிசன்காரர் வீட்டுக்குத் தனித்தனியாகப் போட்டால் 17,570 + 10,970. மீண்டும் அதே 28,540. ஒரு டாலர் மிச்சமில்லை. சம்பள வித்தியாசம் அதிகமானால் வரி கூடும்: சார்லட் வீட்டுக்கு 4,214 அதிகம்.

இழப்புகள் வேறு: கல்விக் கிரெடிட்டுகள் போகும், ஸ்டூடன்ட் லோன் வட்டிக் கழிவு போகும், சேர்ந்து வாழ்பவர்களுக்கு ராத் ஐஆர்ஏ (தனிநபர் ஓய்வூதியக் கணக்கு) தகுதி 10,000 டாலர் வருமானத்திலேயே முடியும், ஒருவர் ஐட்டமைஸ் செய்தால் (கழிவுகளைத் தனித்தனியாகக் காட்டினால்) மற்றவரும் செய்தாக வேண்டும். பிடித்தத்தைச் சரிசெய்ய ரிட்டர்னை மாற்ற வேண்டாம். டபிள்யூ-4ஐ மாற்றுங்கள்.

புதிதாக வந்தவர் என்பதால் ஒன்று: அந்த ஆண்டுக்கு நீங்கள் வரிச் சட்டப்படி நான்-ரெசிடென்ட் என்றால் மணமானவராக இருந்தாலும் டபிள்யூ-4இல் 'சிங்கிள் ஆர் மேரீட் ஃபைலிங் செப்பரேட்லி'தான். அவர்களுக்கான கூடுதல் குறிப்புகள் ஐஆர்எஸ் நோட்டீஸ் 1392இல் இருக்கின்றன. எச்-1பியில் ஆண்டு நடுவில் இறங்கியவர்கள் முதலில் அதைப் பாருங்கள்.

2026 பிப்ரவரி 15 · எடிசன்காரர்

ரெண்டு பேரும் போர்ட்டல்ல (சி) டிக் பண்ணியாச்சு. 27ஆம் தேதி சம்பளத்துல இருந்து வரும்னு காட்டுது. ஆனா ஜனவரி 2, 16, 30, பிப்ரவரி 13ன்னு நாலு சம்பளம் பழைய கணக்குலயே போயிடுச்சே?

2026 பிப்ரவரி 15 · வரிக்கணக்கர்

ஒரு சுற்றுக்கு உங்கள் வீட்டில் குறைந்தது 463.85. நான்கு சுற்றுக்கு 1,855.40. மீதி 22 சம்பளம். 1,855.40 ÷ 22 = 84.34. உங்கள் டபிள்யூ-4 ஸ்டெப் 4(சி)யில் 85 போடுங்கள். மனைவியுடையதில் வேண்டாம்.

டிசம்பர் கடைசியில் அந்த 85ஐ எடுத்துவிடுங்கள். டபிள்யூ-4 ஆண்டு முடிந்தால் காலாவதி ஆவதில்லை. ஆண்டு நடுவில் பள்ளத்தை நிரப்பப் போட்ட தொகை அடுத்த ஜனவரியிலும் தொடர்ந்து போய்க்கொண்டே இருக்கும். 85க்குப் பரவாயில்லை. அக்டோபரில் விழித்துக்கொண்டு 1,500 என்று போட்டவர்களுக்கு ஜனவரிச் சம்பளம் பாதியாகிவிடும்.

அக்டோபரில் விழித்தாலும் வழி இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சம்பளத்தில் பிடித்த வரியை எந்த மாதம் பிடித்தார்கள் என்று பார்க்காமல், ஆண்டு முழுவதும் சமமாகக் கட்டியதாகவே ஐஆர்எஸ் எடுத்துக்கொள்ளும். நவம்பர், டிசம்பரில் மொத்தமாகப் பிடித்தாலும் அபராதக் கணக்கில் அது நான்கு தவணைகளிலும் சமமாகக் கட்டியதாகவே ஆகும். எஸ்டிமேட்டட் பேமென்ட், அதாவது நீங்களே நேரடியாகக் கட்டும் வரி, அப்படி இல்லை: ஏப்ரல் 15, ஜூன் 15, செப்டம்பர் 15, ஜனவரி 15 என்று தவணை உண்டு. தாமதமாகக் கட்டினால் முன் தவணைகளுக்கு வட்டி ஏறும். ஆகவே ஆண்டுக் கடைசியில் பள்ளம் தெரிந்தால் முதலில் டபிள்யூ-4ஐத் தொடுங்கள், நேரடிக் கட்டணத்தைப் பிறகு பாருங்கள்.

2026 பிப்ரவரி 15 · வரிக்கணக்கர்

உங்கள் தேதிகளைப் பார்த்ததும் இன்னொன்று கண்ணில் பட்டது. ஜனவரி 2இல் தொடங்கி ஒன்றுவிட்டு ஒரு வெள்ளி என்றால் 26ஆவது சம்பளம் டிசம்பர் 18. அடுத்தது 2027 ஜனவரி 1. அன்று விடுமுறை. பல ஆபீஸ்கள் அதை டிசம்பர் 31ஆம் தேதியே போட்டுவிடும். அப்படியானால் 2026க்கு 27 சம்பளம்.

சம்பளத்தை 26ஆல் வகுத்தே கொடுத்துக்கொண்டு 27ஆவதையும் போட்டால், அந்தக் கடைசிச் சம்பளத்திலும் டிடக்‌ஷனையும் கீழ் பிராக்கெட்டுகளையும் இன்னொரு முறை தருவார்கள். உங்களுக்கு அதில் 22% என்றால் 1,015.38 பிடிக்க வேண்டும், பிடிப்பது 675.77. சுமார் 340 குறைவு. மனைவிக்கும் அதே 340. வீட்டுக்கு 680. அவர் ஆபீஸும் அதே நாளில் சம்பளம் போடுகிறதா என்று பேரோலில் கேளுங்கள். 1,000க்குக் கீழே என்பதால் அபராதம் வராது. அந்த 85உம் ஒருமுறை கூடுதலாகப் போகும் என்பதால் 600 அளவில் பாக்கி நிற்கும். தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

2026 பிப்ரவரி 18 · டல்லாஸ்_செவிலி

இரண்டு குழந்தைகள், 6 வயது, 9 வயது. இருவர் டபிள்யூ-4இலும் ஸ்டெப் 3இல் 4,400 போட்டிருக்கிறோம். எனக்கு ஓவர்டைமும் உண்டு. (சி) டிக் செய்தால் போதுமா?

2026 பிப்ரவரி 18 · வரிக்கணக்கர்

போதாது. ஸ்டெப் 3 (குழந்தைகள்), 4(ஏ) (மற்ற வருமானம்), 4(பி) (கழிவுகள்) மூன்றும் ஒரே டபிள்யூ-4இல், அதிகச் சம்பளம் தரும் வேலையில் மட்டும். குழந்தைக்கு 2,200 வீதம் 4,400 என்பது ரிட்டர்னில் ஒரு முறைதான். இருவரும் எழுதியதால் ஒவ்வொரு ஆபீஸும் ஆண்டுக்கு 4,400 குறைத்துப் பிடிக்கிறது. மற்றவரின் படிவத்தில் ஸ்டெப் 3ஐ வெறுமையாக்குங்கள்.

இங்கே பலருக்குப் பொருந்தும் இன்னொன்று: அந்த 2,200க்குக் குழந்தைக்கு சோஷியல் செக்யூரிட்டி எண் வேண்டும். எச்-4இல் வந்து ஐடின் (வரிக்கு மட்டுமான அடையாள எண்) மட்டும் உள்ள குழந்தைக்கு 500தான். ஸ்டெப் 3இல் இரண்டாவது வரி. 17 வயது ஆகும் ஆண்டிலும் 500க்கு இறங்கிவிடும். அந்த ஆண்டு ஜனவரியிலேயே படிவத்தை மாற்ற வேண்டும், பிறந்தநாள் வரை காத்திருக்கக் கூடாது.

ஓவர்டைம்: 2025 முதல் 2028 வரை, ஒன்றரை மடங்குக் கூலியில் அந்தக் கூடுதல் 'அரை' பங்குக்கு மட்டும் கழிவு உண்டு. ஜாயின்ட்டில் உச்சம் 25,000; ஏஜிஐ 3,00,000ஐத் தாண்டினால் குறையத் தொடங்கும்; மணமானவர்கள் ஜாயின்ட்டாகப் போட்டால்தான் கிடைக்கும். மணிக்கு 48 டாலர் என்றால் ஓவர்டைம் மணிக்கு 72. கழிவு 24க்கு மட்டும், 72க்கு அல்ல. 2026 படிவத்தின் டிடக்‌ஷன்ஸ் ஒர்க்‌ஷீட்டில் இதற்கு இடம் இருக்கிறது. ஆண்டுக்கு 200 மணி நேரம் என்றால் 4,800. அது 4(பி)க்குப் போகும். சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் பிடித்தம் ஓவர்டைமில் வழக்கம்போல் போகும், அதில் கழிவு இல்லை.

2026 பிப்ரவரி 21 · மில்பீட்டஸ்வாசி

இருவருக்கும் 1,80,000. (சி) இருவரும் டிக் செய்திருக்கிறோம். போன ஏப்ரலில் அப்படியும் பாக்கி வந்தது. ஆர்எஸ்யூ (சம்பளத்தோடு ஆபீஸ் தரும் பங்குகள்) இருக்கிறது, போனஸ் இருக்கிறது.

2026 பிப்ரவரி 22 · வரிக்கணக்கர்

உங்களுக்கு டபிள்யூ-4 எட்டாத இரண்டு ஓட்டைகள்.

முதலாவது, போனஸும் ஆர்எஸ்யூவும். இவற்றுக்குப் பெரும்பாலான ஆபீஸ்கள் நேரே 22% பிடிக்கும், 10 லட்சம் டாலர் வரை. நீங்கள் என்ன டிக் செய்திருந்தாலும் அந்த 22% அசையாது. 3,60,000 − 32,200 = 3,27,800, ஆக நீங்கள் ஏற்கனவே 24% அடுக்கில். 4,03,550 வரை 75,750 இடம் இருக்கிறது. ஆர்எஸ்யூ அதற்குள் நின்றால் 100 டாலருக்கு 2 டாலர் குறையும். அதைத் தாண்டியதும் 32%, 100க்கு 10 குறையும். இருவருக்கும் சேர்த்து 1,00,000 வெஸ்ட் ஆனால் (பங்குகள் உங்கள் கைக்கு வந்தால்): முதல் 75,750க்கு 1,515, மிச்சம் 24,250க்கு 2,425. மொத்தம் 3,940 பள்ளம். இதை 4(சி)யில் பிரித்துப் போடுங்கள். வெஸ்டிங் பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் என்று வருவதால் பங்கு விலை ஏறினால் ஆகஸ்டுக்குப் பிறகு ஒரு முறை மீண்டும் கணக்கிடுங்கள்.

இரண்டாவது, கூடுதல் மெடிகேர் வரி 0.9%. ஒருவருக்கு ஒரே ஆபீஸில் 2,00,000 தாண்டினால்தான் ஆபீஸ் பிடிக்கத் தொடங்கும். ஆனால் ஜாயின்ட் ரிட்டர்னில் வரம்பு இருவருக்கும் சேர்த்து 2,50,000. 1,80,000 மட்டும் என்றால் உங்கள் இருவர் ஆபீஸும் ஒரு காசு பிடிக்காது. வரி: (3,60,000 − 2,50,000) × 0.9% = 990. ஃபார்ம் 8959இல் வந்து நிற்கும். இதற்குப் பார்க்க வேண்டியது டபிள்யூ-2இன் பாக்ஸ் 5. 401(கே) அதில் கழியாது, ஆர்எஸ்யூவும் அதில் சேரும். உங்கள் உண்மையான தொகை 990ஐ விடக் கூடவே இருக்கும். மெடிகேருக்கென்று தனியாகக் கூடுதல் பிடிக்கச் சொல்ல முடியாது. இதையும் 4(சி)க்குள் சேர்க்க வேண்டியதுதான்.

2026 பிப்ரவரி 22 · மில்பீட்டஸ்வாசி

சோஷியல் செக்யூரிட்டி உச்சவரம்பு 1,84,500 என்கிறார்கள். இருவர் சம்பளமும் சேர்ந்து அதைத் தாண்டியதால் அதிகம் பிடித்தது திரும்ப வருமா?

2026 பிப்ரவரி 22 · வரிக்கணக்கர்

இல்லை. அது ஆளுக்கு ஒன்று. கணவன் மனைவியைக் கூட்ட மாட்டார்கள். ஒரே ஆள் ஆண்டு நடுவில் ஆபீஸ் மாறி, இரண்டிலும் சேர்த்து 1,84,500ஐத் தாண்டினால் மட்டும் அதிகம் பிடித்த 6.2% ரிட்டர்னில் திரும்பும்.

2026 மார்ச் 1 · எடிசன்காரர்

27ஆம் தேதி சம்பளத்துல ஃபெடரல் 760.77. நீங்க சொன்ன 675.77 + 85. மனைவிக்கு 421.92. ரெண்டும் அப்படியே வந்திருக்கு. நியூ ஜெர்சி வரி மட்டும் மாறவே இல்ல.

2026 மார்ச் 1 · வரிக்கணக்கர்

மாறாது. ஃபெடரல் டபிள்யூ-4ஐ நியூ ஜெர்சி பார்ப்பதில்லை. அதற்கு என்ஜே-டபிள்யூ4 தனி. ஜாயின்ட் என்று போட்டு வேறு எதுவும் எழுதாவிட்டால் ரேட் பி அட்டவணையில் பிடிப்பார்கள். அதுவும் ஒரே வருமான வீட்டுக்கான கணக்குதான். படிவத்தோடு ஒரு வேஜ் சார்ட் இருக்கும். உங்கள் சம்பளமும் மனைவி சம்பளமும் சந்திக்கும் கட்டத்தில் உள்ள எழுத்தை 3ஆவது வரியில் எழுதுங்கள். இருவரும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். இருவருக்கும் ஒரே எழுத்து வர வேண்டிய அவசியமில்லை.

மற்றவர்களுக்குச் சுருக்கமாக: கலிஃபோர்னியாவில் டிஇ 4, நியூயார்க்கில் ஐடி-2104. இல்லினாய் 4.95%, பென்சில்வேனியா 3.07% என்று ஒரே விகிதம் என்பதால் இந்தச் சிக்கல் பெரிதாக இல்லை. டெக்சாஸில் சம்பளத்துக்கு மாநில வரியே இல்லை. எச்எஸ்ஏவில் போடும் பணத்தை கலிஃபோர்னியாவும் நியூ ஜெர்சியும் கழிவாக ஏற்பதில்லை; மாநிலக் கணக்குப் போடும்போது அதைத் திருப்பிச் சேர்க்க வேண்டும்.

2026 மார்ச் 4 · டல்லாஸ்_செவிலி

இழையை விட்டு விலகுகிறேன், ஆனால் இதே மாதிரிதான். டிபென்டன்ட் கேர் எஃப்எஸ்ஏ (குழந்தைப் பராமரிப்புச் செலவுக்கு வரியில்லாமல் ஒதுக்கும் பணம்) இந்த ஆண்டு 7,500 ஆகிவிட்டது. என் ஆபீஸிலும் அவர் ஆபீஸிலும் தனித்தனியாக 7,500 எடுக்க போர்ட்டல் விடுகிறது. எடுக்கலாமா?

2026 மார்ச் 4 · வரிக்கணக்கர்

கூடாது. 7,500 வீட்டுக்கு மொத்தம். போர்ட்டலுக்கு மற்ற ஆபீஸ் தெரியாததால் விடுகிறது, அவ்வளவுதான். அதிகமாக எடுத்த 7,500 ஃபார்ம் 2441 வழியாக வருமானத்தில் சேர்ந்து, பிடித்தம் இல்லாத வரியாக ஏப்ரலில் வரும். எச்எஸ்ஏ குடும்ப உச்சமான 8,750உம் அப்படியே, இருவருக்கும் சேர்த்து. 401(கே)யின் 24,500 மட்டும் ஆளுக்கு ஒன்று. ஓப்பன் என்ரோல்மென்ட் சமயத்தில் இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து தேர்வு செய்யுங்கள்.

2026 மார்ச் 9 · எடிசன்காரர்

கடைசியா ஒண்ணு. மனைவியோட ஈஏடி ஜூன் 30 வரைக்கும்தான். புதுப்பிக்கப் போட்டிருக்கோம், ஆனா சமயத்துக்கு வரலைன்னா வேலைய நிறுத்தணும். அப்ப என்ன மாத்தணும்?

2026 மார்ச் 9 · வரிக்கணக்கர்

2025 அக்டோபர் 30 முதல் விண்ணப்பித்த புதுப்பிப்புகளுக்குத் தானியங்கி நீட்டிப்பு இல்லாததால் இதே நிலையில் பலர் இருக்கிறார்கள். கணக்கு இப்படி.

அவர் அரை ஆண்டு வேலை செய்தால் 45,000. (சி) டிக்கோடு பிடித்திருப்பது 5,485 அளவில். வீட்டு வருமானம் 1,65,000. வரி 18,640. உங்கள் கட்டம் டிசம்பர் வரை அப்படியே இருந்தால் மொத்தப் பிடித்தம் 23,055, அதாவது 4,415 அதிகம். ஒரு சம்பளத்தில் வீடு ஓடும் மாதங்களில் அந்தப் பணம் ஐஆர்எஸ்ஸில் கிடக்கக் கூடாது.

அவர் வேலை நின்ற வாரமே உங்கள் டபிள்யூ-4இல் ஸ்டெப் 2(சி) டிக்கை எடுங்கள். மிச்சம் 13 சம்பளத்துக்கு 386.15 வீதம் போகும். ஆண்டு மொத்தம் 19,290, 650தான் கூடுதல். முதல் நான்கு சம்பளத்தில் விட்டது 1,855 என்பதையும் சேர்த்துப் பார்த்தால் அந்த 85ஐ அப்போது எடுக்க வேண்டாம், ஆண்டு முடியும் வரை ஓடட்டும். ஈஏடி வந்து அவர் மீண்டும் சேர்ந்தால் புது ஆபீஸோ பழைய ஆபீஸோ, முதல் நாள் கொடுக்கும் டபிள்யூ-4இலேயே டிக் இருக்கட்டும். அன்றே உங்களுடையதிலும் திருப்பிப் போடுங்கள். ஆண்டு நடுவில் சேருகிறவரை ஆண்டு முழுவதும் வாங்குபவராக நினைத்து ஆபீஸ் பிடிக்கும் என்பதால் அப்போது சற்று அதிகமாகவே போகும். இரண்டு பே ஸ்டப் வந்ததும் எஸ்டிமேட்டரில் போட்டு, கூடுதலாக இருந்தால் முதலில் அந்த 85ஐக் குறையுங்கள்.

2026 மார்ச் 10 · எடிசன்காரர்

ஜூலை 1க்கு காலண்டர்ல குறிச்சு வச்சாச்சு. என்ஜே-டபிள்யூ4 ரெண்டையும் இன்னைக்குக் கொடுத்துட்டோம்.